கைபேசிக்கு ஒரு வாசல்

கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணி. திருவண்ணாமலையில் மலையுச்சிக் கொப்பரையில் சுடர் எழும் அந்த நொடியில், செங்கம் சாலையில் ரமணாசிரமம் பகுதி முழுவதும் தலைகள் நிமிர்கின்றன, கைகளும் உயர்கின்றன. முற்காலத்தில் கும்பிட மட்டும் உயர்ந்த கைகள் இன்று கைபேசியையும் ஏந்தி உயர்கின்றன. மாடிகளிலும் கடை வாசல்களிலும் நின்று எடுக்கும் அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் தீபம் ஒரு புள்ளியாக இராது. புழுப்போல் நெளிந்த கோடாக இருக்கும். காரணம் எளிது. மங்கிய ஒளியில் படமெடுக்க ஒளிப்படக் கருவி நெடுநேரம் ஒளியை வாங்க வேண்டும். அந்த நேரத்தில் விரல் திரையைத் தட்டினால் கருவி அசைகிறது. கருவியைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு, தொடாமலேயே படமெடுக்க வழி இருந்தால் நலம் அன்றோ?

வழி உண்டு. ஓர் அழுத்து பொத்தான், 240 ஓம் மின்தடை ஒன்று, பழுதான பழைய இயர்போன் ஒன்றின் கம்பி. மூன்றையும் பற்றாசு வைத்து இணைத்தால் போதும். இயர்போன் துளையுள்ள ஆண்டிராய்டு கைபேசியில் இதைச் செருகி, ஒளிப்படச் செயலியைத் திறந்து, பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான கருவிகளில் படம் பதிவாகும். சந்தையில் விற்ற கம்பிவைத்த 'செல்ஃபி' கோலின் உள்ளே இருந்ததும் இதே தத்துவந்தான்.

இவ்வளவு சிறிய பொருள் எவ்வாறு இவ்வளவு சிக்கலான கருவிக்குக் கட்டளையிடுகிறது? கைபேசி ஒட்டி மூடப்பட்ட பெட்டி. திருகாணிகூட வெளியே தெரிவதில்லை. அதனுள் நம் கையால் செய்த பொருள் நுழைய வேண்டுமானால், ஏதேனும் ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். அந்த வாசல்களின் வரலாற்றையே இக்கட்டுரையில் காண்போம். அதில் நம் நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றுக்கும் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு.

தொலைபேசி நிலையத்திலிருந்து வந்த துளை

இயர்போன் செருகும் துளை மிகப் பழைய குடும்பத்தைச் சேர்ந்தது. 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம் தோன்றியது. சென்னையில் 1882இல் இணைப்பகம் வந்தது. அக்காலத்தில் ஓர் இல்லத்தின் கம்பியை மற்றோர் இல்லத்தின் கம்பியோடு இணைக்க, பணியாளர் ஒருவர் பலகையின் முன் அமர்ந்து செருகியைத் துளையில் செருகுவார். அந்தச் செருகியும் துளையும் கால் அங்குலப் பருமன் உடையவை. இசைக்கலைஞர்கள் மின் கிதாருக்கு இன்றும் அதே அளவைத்தான் பயன்படுத்துகின்றனர். பின்னர் டிரான்சிஸ்டர் வானொலிகளுக்காக 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறிய வடிவம் வந்தது. 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மன் அதை உலகெங்கும் பரப்பியது. கைபேசி வந்தபோது செருகியில் நான்காவதாக ஒரு வளையம் சேர்ந்தது. நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது பொதுக்கம்பி, அடியில் உள்ளது ஒலிவாங்கிக்கு, அதாவது மைக்குக்கு.

அந்த நான்காவது வளையமே நமக்கு வாசல். சிறிய மைக் இயங்கச் சற்று மின்னழுத்தம் தேவை. கைபேசி அதைத் தானே தருகிறது. ஆண்டிராய்டு விதிமுறைப்படி அது 1.8 முதல் 2.9 வோல்ட்டு வரை, 2.2 கிலோ ஓம் மின்தடை வழியாக வருகிறது. மைக்குக் கம்பிக்கும் பொதுக்கம்பிக்கும் இடையே நாம் 240 ஓம் மின்தடையை வைத்தால், ஓம் விதிப்படி அங்கே மின்னழுத்தம் சுமார் 0.2 வோல்ட்டாகச் சரியும். 210 முதல் 290 ஓம் வரை கண்டால் 'ஒலியைக் கூட்டு' என்று பொருள். 360 முதல் 680 வரை கண்டால் 'ஒலியைக் குறை'. 70 ஓமுக்குக் கீழே போனால் 'பாட்டை நிறுத்து' அல்லது 'அழைப்பை ஏற்றுக்கொள்'. ஒலியைக் கூட்டும் பொத்தானே பல ஒளிப்படச் செயலிகளில் படமெடுக்கும் பொத்தானும் ஆகும். கைபேசி ஒரு சொல்லைக் கேட்பதில்லை; ஒரு மின்தடையை அளக்கிறது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் மீட்டர் பாலத்தைக் கொண்டு செய்த வேலையை அது நொடியில் செய்துவிடுகிறது!

இதை நான் முதன்முறை செய்தபோது பொத்தான் வேலை செய்யவில்லை. இயர்போன் கம்பியை வெட்டிப் பார்த்தபோது செம்பு, பச்சை, சிவப்பு நிறங்களில் மயிரிழை போன்ற கம்பிகள் தெரிந்தன. அவற்றைப் பொத்தானின் காலில் வைத்துப் பற்றாசும் வைத்தேன். பார்வைக்கு நல்ல இணைப்பு, மின்னோட்டமோ இல்லை. அந்த நிறங்கள் அழகுக்காக அல்ல, ஒவ்வோர் இழையின்மேலும் பூசப்பட்ட காப்பு மெருகு என்பது பிறகுதான் விளங்கியது. நடுவில் வலிமைக்காக நூலிழையும் முறுக்கப்பட்டிருக்கும். அந்த மெருகைச் சூட்டால் எரித்தால்தான் ஈயம் செம்பைத் தொடும். சூடான கோலின் முனையில் ஒரு சொட்டுப் புதுப் பற்றாசை உருக்கி, அதற்குள் கம்பி நுனியைச் சில நொடிகள் மூழ்கவைக்க வேண்டும். சற்றுப் புகை எழும். பிறகு இழைகள் வெள்ளி நிறமாக மாறும். அதன்பின் இணைத்தால் இணைப்பு பிடிக்கும்.

பற்றாசு பற்றி இங்கே ஒரு சொல். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்த கலவை 183 பாகை செல்சியசில் உருகும். தனி வெள்ளீயம் உருக 232 பாகை வேண்டும். தனிக் காரீயத்துக்கு 327 பாகை. இரண்டு உலோகங்கள் கலந்தால் இரண்டையும்விடத் தாழ்ந்த வெப்பத்தில் உருகுவது விந்தைதான். அந்தக் குறிப்பிட்ட விகிதத்தில் கலவை கூழாகாமல் ஒரே கணத்தில் உறைவதால், கை சற்று நடுங்கினாலும் இணைப்புக் கெடுவது குறைவு. கம்பியின் உள்ளே இருக்கும் பிசின் உலோகத்தின்மேல் படிந்த ஆக்சைடை நீக்குகிறது. புகையாக எழுவது பெரும்பாலும் அந்தப் பிசின்தான். அதை மூச்சில் இழுக்காமல் சன்னலோரம் அமர்ந்து வேலை செய்ய வேண்டும். காரீயம் நஞ்சு. ஆகையால் கை கழுவாமல் உணவைத் தொடலாகாது.

கழித்த பொருளைப் பயன்பொருளாக்குவது இந்த ஊருக்குப் புதிதன்று. 1896இல் இங்கு வந்து 1950 வரை வாழ்ந்த ரமணர், விரூபாட்ச குகையில் இருந்த நாளில் முள்ளையே ஊசியாக்கி, கிழிந்த கோவணத்திலிருந்தே நூலை உருவி அதைத் தைத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமாக்குவதும், நூல்களுக்குக் கட்டடம் போடுவதும் அவர் கைவேலைகள். இது விஞ்ஞானக் கட்டுரைக்குச் சற்றுப் புறம்பானது என்றாலும், ஆசிரமத் தெருவில் இயர்போன் கம்பியை வெட்டிக்கொண்டு அமர்ந்திருந்தபோது எனக்கு அது நினைவுக்கு வந்தது.

பேசும் விளக்கு, பேசாத விளக்கு

பொத்தான் வேலை செய்தவுடன் ஆசை பெருகும். மைக்குக்குப் பதிலாக ஓர் ஒளி டிரான்சிஸ்டரை அதே இரு கம்பிகளில் இணைத்து, ஒலிப்பதிவுச் செயலியை ஓடவிட்டேன். மின்விளக்கின்கீழே பிடித்தால் 'ரீங்' என்ற முணுமுணுப்புப் பதிவாகிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இருமுறை பெருகித் தணிவதால் 100 அதிர்வு ஒலியாகக் கேட்கிறது. விளக்கை அணைத்துவிட்டு அகல்விளக்கின் எதிரே பிடித்தால் முணுமுணுப்பு நின்றுவிடுகிறது. அகலின் ஒளி ஆடத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஆட்டம் செவிக்கெட்டாத அளவு மெதுவானது. நண்பகல் வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்தபோதோ, கைபேசி தானாகவே பாட்டை ஓட்டத் தொடங்கிவிட்டது! கடும் ஒளியில் டிரான்சிஸ்டர் முழுவதும் மின்னைக் கடத்தியதால், யாரோ பொத்தானை அழுத்துகிறார்கள் என்று கைபேசி எண்ணிக்கொண்டது.

இந்த விளையாட்டில் ஒரு தடை ஒளிந்திருக்கிறது. மைக் வாசல் ஒலிக்காக அமைந்தது. மாறும் மின்னழுத்தத்தை மட்டுமே அது உள்ளே விடும். மாறாத மின்னழுத்தத்தை ஒரு மின்தேக்கி வாசலிலேயே தடுத்துவிடும். ஓர் அறையின் வெப்பநிலையையோ, நிலையான ஒளியின் அளவையோ அதன்வழி நேராகச் சொல்ல இயலாது. சொல்லவேண்டுமானால் அந்த அளவை ஓர் ஒலியாக மாற்றி அனுப்ப வேண்டும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2010இல் 'ஹைஜாக்' என்ற சிறு கருவியில் இதையே செய்தனர். காதுக்குப் போகும் ஒலியிலிருந்தே மின்சாரம் எடுப்பது அவர்கள் செய்த புதுமை. கைபேசி 22 கிலோ ஹெர்ட்சு அளவில், நமக்குக் கேட்காத ஒலியை ஒரு காதுவழி அனுப்பும். அதை மின்மாற்றியால் உயர்த்தி, நேர்மின்னாக்கினால் 7.4 மில்லிவாட்டு கிடைத்தது. ஒரு மைக்ரோகண்ட்ரோலரும் உணர்வுக் கருவியும் இயங்க அது போதும். மின்கலமே வேண்டாம். அதே ஆண்டுகளில் கடன் அட்டையைத் தேய்த்துப் பணம் வாங்கும் சிறு சதுரப் பெட்டியும் இத்துளையில்தான் செருகப்பட்டது. அட்டையின் காந்தப் பட்டையைத் தலையில் உரசினால் எழுவது ஒலிநாடாவில் எழும் குறிப்பைப் போன்றதே என்பதால், அதைக் கேட்க மைக் வாசல் போதுமானதாக இருந்தது.

தில்லியில் தொடங்கிய வேலை

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். இது கைபேசியில் தொடங்கவில்லை. மேசைக் கணினியின் முதுகுப்புறத்தில் தொடங்கியது.

புது தில்லியில் அணுக்கரு அறிவியல் மையம் என்ற நிறுவனம் உண்டு. பின்னர் அதற்குப் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் என்று பெயர் மாறியது. பெல்லட்ரான் என்னும் பெரிய துகள் முடுக்கி அங்கே இயங்குகிறது. பல மாடி உயரமுள்ள அக்கருவியைக் கணினியால் இயக்குவதற்கும், சோதனையின் அளவுகளைத் திரட்டுவதற்கும் வேலை செய்த அறிவியலார் அஜித்குமார். இவ்வளவு பெரிய இயந்திரத்துக்குப் பயன்பட்ட அதே உத்தி, கல்லூரி மாணவனின் மேசைக்கு ஏன் பயன்படக்கூடாது? 2004இல் அம்மையம் 'ஃபீனிக்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 'வீட்டில் செய்த கருவிகளும் புதிய சோதனைகளும் கொண்டு இயற்பியல்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துக்களே அப்பெயர். மலிவான ஆய்வுக்கூடக் கருவியை வடிவமைப்பதும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் அதன் இரு வேலைகள்.

அதற்கு என்ன தேவை இருந்தது என்பதை நம் பள்ளிகளில் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செய்முறை வகுப்பில் ஒரு கால்வனாமீட்டரைச் சுற்றிப் பத்து மாணவர்கள் நிற்பார்கள். முன்னால் நிற்பவன் முள்ளைப் பார்ப்பான். பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனின் நோட்டைப் பார்ப்பான். ஆசிலோஸ்கோப் என்பது பாடநூலில் படமாக மட்டும் இருந்த பொருள். ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டலை எடுத்துக்கொள்வோம். சுருளில் காந்தத்தை நுழைத்தால் முள் ஒருபுறம் துள்ளும், வெளியே எடுத்தால் மறுபுறம் துள்ளும் என்று படிக்கிறோம். ஆனால் காந்தத்தைச் சுருளின் ஊடே விழவிட்டால் நிகழ்வது நொடியில் சிறு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். முள்ளுக்கு அவ்வளவு வேகமில்லை. மின்னழுத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து வரையும் கருவி இருந்தால், ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இரண்டு முகடுகள் தெரியும். இரண்டாவது முகடு முதலாவதைவிட உயர்ந்தும் ஒடுங்கியும் இருக்கும். ஏன்? காந்தம் விழும்போது வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் தூண்டப்படும் மின்னழுத்தம் மிகும். கடக்கும் நேரம் குறையும். ஃபாரடேயும் நியூட்டனும் ஒரே கோட்டில் எழுதிவைத்ததைப் போல இருக்கும் அந்த வரைபடம். அதைத் தன் கண்ணால் பார்த்த மாணவனுக்கும், விடையை மனப்பாடம் செய்த மாணவனுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

ஃபீனிக்சின் முதற்பெட்டி, மேசைக் கணினியின் இணை வாசலில் இணைந்தது. அச்சுப்பொறிக்காக அமைந்த 25 ஊசித் துளைதான் அது. 1981இல் வந்த ஐ.பி.எம். கணினியோடு பரவிய அவ்வாசல் கைவேலைக்காரருக்கு ஒரு வரம். எட்டு கம்பிகள் உண்டு. ஒரே ஓர் ஆணையில் அவற்றில் எதை வேண்டுமானாலும் 5 வோல்ட்டுக்கு உயர்த்தலாம், சுழிக்கு இறக்கலாம். ஒரு மின்தடையும் ஒரு எல்.இ.டி.யும் வைத்தால் அது எரியும், அணையும். கணினிக்கும் கம்பிக்கும் நடுவே எவரும் இல்லை.

ஆனால் காலம் அந்த வாசலை அடைத்துவிட்டது. அச்சுப்பொறிகள் யு.எஸ்.பி.க்கு மாறின, மடிக்கணினிகளில் இணை வாசல் மறைந்தது. யு.எஸ்.பி. 1996இல் வந்தது. அதன் இயல்பே வேறு. அங்கே கம்பியை உயர்த்தவும் தாழ்த்தவும் முடியாது. செருகப்பட்ட பொருள் முதலில் தான் யார், தனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், எந்த வகையில் பேசும் என்றெல்லாம் முறைப்படி அறிவிக்க வேண்டும். அறிவிக்காத பொருளைக் கணினி மதிப்பதில்லை. முன்பு திறந்திருந்த திண்ணை, இப்போது பெயரும் ஊரும் கேட்கும் வாயிற்காவலாக மாறிவிட்டது. கையால் செய்யும் கருவிகளுக்கு இது சாவுமணி என்று அன்று பலர் எண்ணியதில் வியப்பில்லை.

அவ்வாறு ஆகவில்லை. ஒரு சிறு சில்லில் கணிப்பகமும் நினைவகமும் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதியும் அடங்கிய மைக்ரோகண்ட்ரோலர் அதே ஆண்டுகளில் மலிவாகிவிட்டது. ஃபீனிக்சின் பின்வந்த வடிவங்களில் அத்தகைய சில்லு இடம்பெற்றது. நேரத்தைத் துல்லியமாக அளப்பது சில்லின் வேலை. வரைபடம் போடுவது கணினியின் வேலை. அளக்கும் வேலை பெட்டிக்குள் போனபின், கணினி எது என்பது பொருட்டாகவில்லை. தன்னை அறிவித்துக்கொள்ள ஒரு தனிச்சில்லு. அதற்கு அப்பால் வழக்கமான தொடர் உரையாடல். தடை எதனால் வந்ததோ அதே தொழில்நுட்பமே தடையைக் கடக்கும் படியும் ஆயிற்று.

2011இல் 'எக்ஸ்பைஸ்' என்ற பெட்டி வந்தது. 'இளம் பொறியாளர், அறிவியலாருக்கான சோதனைகள்' என்பது பெயரின் விரிவு. பின்னர் இளைய வடிவமும், 2017இல் எக்ஸ்பைஸ்-17 என்ற வடிவமும் வந்தன. கடைசியாகச் சொன்னதை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாசல்களில் 16 வோல்ட்டு வரை, நேர்க்குறியிலும் எதிர்க்குறியிலும் அளக்கும். 5 முதல் 5,000 ஹெர்ட்சு வரை சைன் அலையை உண்டாக்கும். மின்தடை, மின்தேக்கம், அதிர்வெண் ஆகியவற்றைச் சொல்லும். விலை சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிற்று. பெட்டியின் சுற்று வரைபடமும், பைத்தான் மொழியில் எழுதிய நிரல்களும் யாரும் எடுத்துப் படிக்கவும் மாற்றவும் திறந்து வைக்கப்பட்டன. மற்றவற்றைவிட இதுவே பெரிது என்பது என் கருத்து. பூட்டிய பெட்டியை வாங்கும் பள்ளி ஒரு கருவியைப் பெறுகிறது; திறந்த வரைபடத்தைப் பெறும் பள்ளியோ அதைப் பழுதுபார்க்கும் உரிமையையும் சேர்த்துப் பெறுகிறது.

அதே 2011இல் தமிழக அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியதை வாசகர் நினைவுகூரலாம். இணை வாசலை நம்பிய பழைய பெட்டியை அக்கணினிகளில் செருக இடமே இராது, யு.எஸ்.பி. பெட்டிக்கோ தடை இல்லை.

கைபேசி கணினியானது

கணினியில் செருகியதைக் கைபேசியில் செருகுவது எப்போது இயன்றது? யு.எஸ்.பி. உலகில் ஒருவர் தலைவர், மற்றவர் தொண்டர். கணினி தலைவர், கைபேசி அதற்குத் தொண்டர். இரு தொண்டர்களை இணைத்தால் ஒருவரும் பேச்சைத் தொடங்கமாட்டார். 2001 டிசம்பரில் இதற்கொரு துணைவிதி வெளியாயிற்று. அதுவே ஓ.டி.ஜி. எனப்படுவது. பழைய மைக்ரோ யு.எஸ்.பி. செருகியில் ஐந்து ஊசிகள் உண்டு. நான்கு போதுமே, ஐந்தாவது எதற்கு என்று எண்ணியவர்கள் இருக்கலாம். அந்த ஊசியைத் தரைக்கம்பியோடு இணைத்தால், 'நீயே தலைவன்' என்று கைபேசிக்குப் பொருள். கடையில் ஓ.டி.ஜி. கம்பி என்று விற்பதன் இரகசியம் இந்த ஓர் இணைப்புத்தான். 2011இல் வெளியான ஆண்டிராய்டு 3.1 முதல், செயலி எழுதுவோரும் இந்தத் தலைமையைப் பயன்படுத்த வழி பிறந்தது.

எக்ஸ்பைஸ்-17 பெட்டிக்கு ஆண்டிராய்டு செயலி வந்தது. ஓ.டி.ஜி. கம்பியால் இணைத்தால் பெட்டி மின்சாரத்தையும் கைபேசியிடமிருந்தே பெறும். சுருளின் ஊடே விழும் காந்தத்தின் இரு முகடுகள் கைபேசித் திரையில் எழுகின்றன. எக்ஸ்பைஸ் பணியில் பங்கெடுத்த ஜிதின் உருவாக்கிய 'பாக்கெட் சயன்ஸ் லேப்' என்ற மற்றொரு பலகையை ஃபாஸ்ஏசியா என்னும் திறமூல அமைப்பு ஏற்று வளர்த்தது. அதன் கைபேசிச் செயலியில் மாணவர்கள் பலர் உழைத்தனர்.

அயல்நாடுகளிலும் இந்த வாசலைத் திறக்க முயன்றவர்கள் உண்டு. பின்லாந்தின் யோலா நிறுவனம் 2013இல் வெளியிட்ட கைபேசியின் முதுகு மூடிக்குள் சில மின்தொடுமுனைகளை வைத்து, அவற்றின் பயனை எல்லாருக்கும் அறிவித்தது. மூடியைக் கழற்றி, தாமே செய்த பலகையைப் பொருத்திக்கொள்ளலாம். ஆர்வலர்கள் அதற்கு விசைப்பலகைகூடச் செய்தனர். கைபேசியையே துண்டுதுண்டாக மாற்றிக்கொள்ளும்படி அமைக்க முயன்ற கூகுளின் 'ஆரா' திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. ஆப்பிள் நிறுவனமோ தன் கருவிகளில் செருகுவதற்கு உரிமமும், உண்மையை மெய்ப்பிக்கும் சில்லும் கேட்டு வந்தது.

இன்றைய வாசல் டைப்-சி. அதில் ஐந்தாவது ஊசி இல்லை. தலைவர் யார், தொண்டர் யார் என்பதை மீண்டும் ஒரு மின்தடையே சொல்கிறது. தொண்டராக நுழையும் பொருள் சி.சி. எனப்படும் இரு முனைகள் ஒவ்வொன்றிலிருந்தும் தரைக்கு 5.1 கிலோ ஓம் மின்தடை வைக்க வேண்டும். செருகியை எப்படித் திருப்பிப் போட்டாலும் ஏதேனும் ஒரு முனை பேசும். இரண்டு முனைக்கும் சேர்த்து ஒரே மின்தடை போதாதா என்று எண்ணத் தோன்றும். 2019இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4 என்ற புகழ்பெற்ற கணினிப் பலகையில் அப்படித்தான் அமைந்துவிட்டது. உள்ளே அடையாளச் சில்லு வைத்த சில உயர்தரக் கம்பிகளோடு இணைத்தபோது, பலகையை மின்னூட்டி வேறேதோ துணைக்கருவி என்று கருதி மின்சாரம் தர மறுத்தது. பின்வந்த பதிப்பில் திருத்தினார்கள். சில காசு பெறும் ஒரு மின்தடை! வீட்டில் பலகை செய்வோர் முதலில் மறப்பதும் இந்த இரு மின்தடைகளைத்தான்.

சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ, அஞ்சல்வழியோ உதிரிப்பாகங்களை வரவழைத்து இத்தகைய பலகையைச் செய்ய விரும்புவோர், முதலில் டைப்-சி துளை பொருத்திய சிறு தயார்ப் பலகையை வாங்கிக்கொள்வது நல்லது. அத்துளையின் கால்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்பவை. பழகாத கைக்குக் கால்கள் ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்பைஸ்-17இல் உள்ள 44 கால் சில்லின் இடைவெளி 0.8 மில்லிமீட்டர்; அது பழகிய கைக்குக் கட்டுப்படும். பிசின் களிம்பைத் தாராளமாகத் தடவி, ஒட்டிய இடத்தில் செம்புப் பின்னலை வைத்துச் சூட்டால் ஒற்றி எடுத்தால் மிகையான பற்றாசு பின்னலில் ஏறிவிடும். கைபேசியில் செருகுமுன், 5 வோல்ட்டு முனைக்கும் தரைக்கும் இடையே குறுக்கிணைப்பு இல்லை என்று மல்ட்டிமீட்டரால் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு மின்சாரத்தோடு தொடர்புடைய எந்தச் சுற்றையும் கைபேசியில் இணைக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் வெளிப்பலகை தேவை என்பதும் இல்லை. கைபேசிக்குள்ளேயே முடுக்கமானி, காந்தமானி, மைக் ஆகியவை இருக்கின்றன. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற செயலி அவற்றையே ஆய்வுக்கருவிகளாக்கியது. ஊசலின் அலைவு நேரத்தை அளக்க அதுவே போதும். ஆனால் மின்னழுத்தத்தை அளக்கக் கைபேசியில் உறுப்பு இல்லை. இயற்பியல் செய்முறையில் பாதி மின்னழுத்தந்தான்.

மீண்டும் அந்தப் பொத்தான். 2016இல் ஐபோன் 7 இயர்போன் துளையை நீக்கியது. மற்ற நிறுவனங்கள் பலவும் பின்தொடர்ந்தன. எனவே புதிய கைபேசிகள் பலவற்றில் என் 240 ஓம் பொத்தானைச் செருக இடமில்லை. கடையில் டைப்-சி முனையும் பழைய துளையும் கொண்ட விரல் நீளக் கம்பி ஒன்று விற்கிறார்கள். அதில் ஒருவகை வெறும் கம்பி. மற்றொரு வகையின் முனைக்குள் ஒரு சில்லு இருக்கிறது. இரண்டாம் வகையை வாங்கிப் பொத்தானைச் செருகினேன். சில்லு அந்த மின்தடையை அளந்து, 'ஒலியைக் கூட்டு' என்ற செய்தியாக மாற்றி, யு.எஸ்.பி. முறைப்படி தன் பெயரையும் ஊரையும் சொல்லிக் கைபேசிக்கு அனுப்பியது. படம் பதிவாயிற்று. அடுத்த தீபத்துக்கு இந்த இரண்டாம் வகைக் கம்பியைத் தேடி வாங்க விரும்புவோர், கடையிலேயே மைக் வைத்த பழைய இயர்போன் ஒன்றைச் செருகி, அதன் ஒலிப் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குவது நலம்.